பழைய குறிப்பேட்டின் கதிர்க்குருவிக்கு எந்த அறிவியல் பெயர்?

கேள்வி: என் ஆசிரியர் 1980களில் எழுதிய பறவைக் குறிப்புகளைக் கணினியில் ஏற்றி வருகிறேன். அவற்றில் ‘ஹிப்போலைஸ் காலிகாட்டா’ என்றுள்ள கதிர்க்குருவி, இன்றைய பட்டியல்களில் ‘இடுனா காலிகாட்டா’, ‘இடுனா ராமா’ என இரண்டாக இருக்கிறது. எதை எழுதுவது? ‘இடுனா ராமா’ என்ற பெயருக்குப் பின் வரும் ‘சைக்ஸ், 1832’ என்பது அடைப்புக்குறிக்குள் இருப்பது ஏன்?

பதில்: இங்கே நடந்திருப்பவை தொடர்பற்ற இரு மாற்றங்கள். ஒன்று உங்கள் தரவைப் பாதிக்காது, மற்றது பாதிக்கும்.

முதலாவது, பேரினம் மாறியது. பம்பாய்ப் படையில் அதிகாரியாக இருந்த வில்லியம் ஹென்றி சைக்ஸ், தக்காணத்தில் கிடைத்த பறவையை 1832-இல் ‘சில்வியா ராமா’ என்று விவரித்தார். அது பின்னர் ஹிப்போலைஸ் பேரினத்துக்குச் சென்றது. 2009-இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, இச்சிறு கதிர்க்குருவிகள் ஹிப்போலைஸின் பெரிய இனங்களுக்கு நெருங்கிய உறவல்ல என்று காட்டியதால், 1840-இலேயே முன்மொழியப்பட்டிருந்த இடுனா என்ற பேரினப் பெயர் மீண்டும் வழக்குக்கு வந்தது. விலங்கியல் பெயரிடல் விதிப்படி, ஓர் இனம் முதலில் வைக்கப்பட்ட பேரினத்தில் இப்போது இல்லையென்றால், விவரித்தவர் பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் வரும். தாவரவியலில் இடம் மாற்றியவரின் பெயரையும் சேர்த்து எழுதுவார்கள். விலங்கியலில் அந்த வழக்கம் இல்லை.

இரண்டாவது மாற்றமே கவனத்துக்குரியது. பழைய கையேடுகளில் ராமா என்பது காலிகாட்டாவின் துணையினமாகவே இருந்தது. குரல், உடலளவு, இனப்பெருக்கம் செய்யும் நிலப்பகுதி ஆகியவற்றில் காணப்பட்ட வேறுபாடுகளால் அவை பின்னர் தனி இனங்களாகப் பிரிக்கப்பட்டன. இரண்டுமே குளிர்காலத்தில் இந்தியாவுக்கு வருகின்றன. ஆகவே உங்கள் ஆசிரியர் எழுதிய ‘காலிகாட்டா’ என்ற சொல், இன்றைய கணக்கில் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். பேரினத்தை மட்டும் மாற்றி ‘இடுனா காலிகாட்டா’ என்று பதிவது, அவர் சொல்லாத ஒரு முடிவை அவர் பெயரில் ஏற்றுவதாகும். இத்தகைய பிழை ஒருமுறை தரவுத்தளத்தில் நுழைந்துவிட்டால் பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்பதால் இதை வலியுறுத்திச் சொல்கிறேன்.

குறிப்பில் ‘காலிகாட்டா ராமா’ என்று துணையினம் வரை எழுதியிருந்தால் மட்டுமே தயக்கமின்றி ‘இடுனா ராமா’ என்று மாற்றுங்கள். மற்றவற்றை, பறவைப் பதிவுகளைத் திரட்டும் இபேர்ட் இணையதளத்தில் உள்ளதுபோல், இரண்டையும் சாய்கோட்டால் இணைத்த பெயரில் பதியுங்கள். எப்படியானாலும் மூலக் குறிப்பில் உள்ள பெயரை எழுத்து மாறாமல் ஒரு தனி நெடுவரிசையிலும், நீங்கள் பின்பற்றும் பட்டியலின் பெயரையும் பதிப்பாண்டையும் இன்னொரு நெடுவரிசையிலும் வைத்திருப்பது அவசியம். ஆசிரியர் அலகு நீளம், வால் நீளம், நிறம் பற்றி எழுதியிருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ராமாவின் அலகும் வாலும் சற்று நீளமானவை, மேற்புறம் வெளிறியது. ஆனால் களத்தில் பார்த்து எழுதிய ஒற்றை வரியை வைத்து மட்டும் இனத்தை முடிவு செய்ய வேண்டாம்.