எலும்பு கூடி ஒரு வருடம் ஆகியும் காலில் வலி இருப்பது சாதாரணமா?

பைக் விபத்தில் கால் முறிந்து பிளேட் வைத்து ஒரு வருடம் ஆகிறது, எக்ஸ்ரேயில் எலும்பு கூடிவிட்டது, வலி மட்டும் போகவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை, இதே கேள்வியோடு ஒன்றரை வருடம் அலைந்தவன். எனக்குத் தெரிந்தவரை, அது எந்த மாதிரி வலி என்பதுதான் முதல் கேள்வி.

2019 தொடக்கத்தில் மதுரை ஒத்தக்கடை தாண்டி மேலூர் ரோட்டில் விழுந்தேன். கணைக்கால் எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டது. அந்த இடத்தில் முன்பக்கம் சதையே கிடையாது, வெறும் தோல்தான், மண் நேராக எலும்புக்கே போய்விடும். ஓடிவந்தவர் ஒருவர் டீக்கடையிலிருந்து காப்பித்தூளை அள்ளிவந்து அப்பினார் (நல்ல மனுசன், ஆனால் அதைச் செய்யாதீர்கள்; சுத்தமான துணியைக் கட்டி ஆஸ்பத்திரிக்கு ஓடினால் போதும்).

நாலு மாதம் கழித்துத் தழும்பின் ஓரத்தில் பரு மாதிரி ஒரு துளை. காலையில் கைலியில் மஞ்சளாகக் கறை. சூட்டுக் கொப்புளம் என்று அம்மா மஞ்சள் பத்துப் போட, நான் மெடிக்கலில் மாத்திரை வாங்கி விழுங்க, துளை மூடும், பத்து நாளில் மறுபடி திறக்கும். உண்மையில் பிளேட்டின் மேல் கிருமி வழவழவென்று படலம் கட்டி உட்கார்ந்திருந்தது, அதற்குள் மருந்து சரியாக இறங்காது. கடைசியில் ஒரு டாக்டர் ஆன்டிபயாடிக்கைக் கொஞ்ச நாள் நிறுத்தச் சொல்லி, பிளேட்டைக் கழற்றி, உள்ளேயிருந்தே சதை எடுத்துக் கல்ச்சருக்கு (என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கிற டெஸ்ட்) அனுப்பினார். வெளியே வழிகிற சீழைத் துடைத்து அனுப்பினால் தோலில் இருக்கிற கிருமியும் கலந்துவிடுமாம். அப்புறம் ஆறு வாரம் மருந்து.

சீழ் நின்றது, வலி நிற்கவில்லை. ஆனால் முன்னது விண் விண்ணென்று தெறிக்கும், இது கைலி உரசினாலே கரண்ட் அடித்த மாதிரி சுரீரென்கும், பாதத்தின் மேல்பக்கம் மரத்தும் கிடக்கும், எரியவும் செய்யும். நரம்பு வலி. சாதாரண வலி மாத்திரைக்கு இது கேட்காது. பிரிகாபலின் என்கிற நரம்பு வலி மருந்து கொடுத்தார்கள், முதல் வாரம் தலைசுற்றலும் தூக்கமுமாகப் போனது, அதை நாமாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. பிசியோதெரபியில் தினமும் பஞ்சால் தடவி, பழகியபின் துண்டால் தேய்க்கச் சொன்னார்கள். கிறுக்குத்தனமாகத் தெரிந்தது, எனக்கு அதுதான் உதவியது.

உங்களுக்குச் சூடு, வீக்கம், கசிவு ஏதாவது இருந்தால் நாளைக்கே போய்க் காட்டுங்கள், சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். பழைய எக்ஸ்ரே, மாத்திரை அட்டை எல்லாவற்றையும் மஞ்சப்பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். என்னுடைய முதல் எக்ஸ்ரேயை அந்த வருடம் டிசம்பர் 26 சூரிய கிரகணம் பார்க்கப் பக்கத்து வீட்டுப் பையன்கள் வாங்கிக்கொண்டு போனார்கள், இன்னும் வரவில்லை.