பைக்குகளுக்கு மட்டும் ஏன் இந்த ஓரவஞ்சனை?

கேள்வி: அமெரிக்காவில் என்.எச்.ஆர்.ஏ. அமைப்பு நடத்தும் டிராக் ரேஸை, அதாவது இரண்டிரண்டு வண்டிகளாக நேர்ப்பாதையில் போட்டியிடும் பந்தயத்தை, பல வருஷமாக விடாமல் பார்த்து வருகிறேன். எனக்கு உயிர் புரோ ஸ்டாக் மோட்டார்சைக்கிள் வகுப்புதான். ஆனால் கார்கள் ஓடும் எல்லாப் போட்டிகளிலும் பைக்குகள் ஓடுவதில்லை. ஓடுகிற நாளிலும் ஒளிபரப்பில் வந்தது தெரியாமல் வந்து போய்விடுகின்றன. "ஜனங்கள் டிக்கெட் வாங்குவதே நைட்ரோ கார்களுக்காக. பைக் ஓடும் நேரம் டீ குடிக்கப் போகிற நேரம்" என்கிறார் என் மச்சான். இந்த வகுப்புக்குக் கூடுதல் போட்டிகளும் கூடுதல் ஒளிபரப்பும் கிடைக்க வேண்டாமா? ரசிகர்கள் எழுதிக் கேட்டால் பலன் உண்டா? இல்லை, பிரியத்தில் நான்தான் மிகைப்படுத்துகிறேனா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: நீங்கள் மிகைப்படுத்தவில்லை தம்பி. ஆனால் இரண்டு கோரிக்கைகளை ஒரே மூச்சில் கேட்டுவிட்டீர்கள். கூடுதல் ஒளிபரப்பு வேண்டுமா என்றால், கட்டாயம் வேண்டும். கூடுதல் போட்டிகள் வேண்டுமா என்றால், இப்போதைக்கு வேண்டாம் என்பேன். இந்த இரண்டாவது பதில் உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். இந்த வகுப்பின் மேல் எனக்கும் உங்கள் அளவுக்குப் பிரியம் இருப்பதால்தான் அப்படிச் சொல்கிறேன்.

முதலில் மச்சானுக்கு வருவோம். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. நைட்ரோமீத்தேன் எரிபொருளில் ஓடும் டாப் ஃபியூவல் கார் ஒன்று 11,000 குதிரைசக்திக்கு மேல் எடுத்து, மணிக்கு 330 மைலைத் தாண்டிப் போகிறது. அதன் சத்தத்தைக் காதால் மட்டுமா கேட்கிறோம்? நெஞ்சுக்கூடே அதிர்கிறது. அதற்காகப் பணம் கொடுத்து வருகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவரிடம் ஒன்று கேளுங்கள்: இன்றைக்கு முழுக் கால் மைல் ஓடுவது யார்? 2008-ல் ஓட்டுநர் ஸ்காட் கலிட்டா விபத்தில் இறந்த பிறகு, டாப் ஃபியூவலுக்கும் இன்னொரு நைட்ரோ வகுப்பான ஃபன்னி காருக்கும் தூரத்தை 1,000 அடியாகக் குறைத்தார்கள். பாதுகாப்புக்காகச் செய்தது, சரியான முடிவு. புரோ ஸ்டாக் கார்களும் பைக்குகளும் இன்றும் பழைய 1,320 அடியைத்தான் ஓடுகின்றன. இந்த விளையாட்டு எந்த அளவுகோலில் பிறந்ததோ அதே அளவுகோலில்.

அப்புறம் அந்த ஓட்டத்தைப் பாருங்கள். சுமார் 400 குதிரைசக்தி. டர்போ இல்லை, சூப்பர்சார்ஜர் இல்லை, நைட்ரோமீத்தேன் இல்லை. பெட்ரோலும் காற்றும் மட்டும். இதை வைத்துக்கொண்டு கால் மைலை ஏழு வினாடிக்குள் முடித்து, 200 மைல் வேகத்தைத் தொடுகிறார்கள். அந்த 200 என்கிற சுவர் 2018-ல்தான் உடைந்தது. காரில் இருப்பவரைச் சுற்றி இரும்புக் கூண்டு இருக்கிறது. பைக்கில் இருப்பவருக்குத் தோல் உடையும் ஹெல்மெட்டும்தான் கவசம்.

புறப்படும் நொடியில் ஓட்டியின் உடம்பு என்ன செய்கிறது என்பதை எந்த ஒளிபரப்பும் நிதானமாகக் காட்டி நான் பார்த்ததில்லை. த்ராட்டில் முழுதாகத் திறந்திருக்கிறது. இடது கை கிளட்சைப் பிடித்திருக்கிறது. மூன்று மஞ்சள் விளக்குகளும் ஒரே நேரத்தில் எரிகின்றன. சரியாக 0.4 வினாடி கழித்துப் பச்சை. பச்சையைப் பார்த்த பிறகு கிளட்சை விட்டவன் தோற்றான். மஞ்சளிலேயே விரல் விட வேண்டும், இம்மி முந்தினாலும் சிவப்பு விளக்கு, தோல்விதான். கிளட்சை விட்ட நொடியில் பைக் பாய்கிறது. கால்கள் இரண்டும் பின்னால் காற்றில் தொங்குகின்றன. அவற்றை இழுத்து ஃபுட்பெக்கில் வைத்து, டேங்க்கோடு ஒட்டிப் படுத்து, பொத்தானை அழுத்திக் கியர் மாற்றிக்கொண்டே போக வேண்டும். முதல் 60 அடி முடிய ஒரு வினாடிக்குச் சற்று மேல்தான் ஆகும். பைக் ஒரு பக்கம் நழுவினால் ஹேண்டில்பாரைத் திருப்பிச் சரிசெய்ய முடியாது. இடுப்பையும் முழங்காலையும் நகர்த்தித்தான் நேராக்க வேண்டும். வேறெந்தத் தொழில்முறை வகுப்பிலும் ஓட்டுபவரின் உடம்பு இயந்திரத்தின் பாகமாக இப்படி வேலை செய்வதில்லை.

வித்தியாசம் எவ்வளவு நுட்பமானது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் பச்சை விழுந்து 0.020 வினாடியில் கிளம்பி 6.750-ல் முடிக்கிறார். மற்றவர் 0.060-ல் கிளம்பி 6.720-ல் முடிக்கிறார். இரண்டாமவரின் பைக்தான் வேகமானது. ஆனால் கூட்டிப் பாருங்கள், 6.770-க்கு 6.780. முதலாமவர் ஜெயிக்கிறார். 200 மைல் வேகத்தில் அந்த நூற்றில் ஒரு பங்கு வினாடி மூன்றடித் தூரம்கூட இல்லை. இதைத்தான் ஹோல்ஷாட் வெற்றி என்கிறார்கள். மெதுவான பைக்கை வைத்துக்கொண்டு, கைவிரலால் மட்டும் ஜெயிப்பது! இதை விளக்கிச் சொல்லாமல் இரண்டு பைக்குகள் பறந்தன, ஒன்று ஜெயித்தது என்று காட்டினால், உங்கள் மச்சான் டீ குடிக்கத்தான் போவார். பார்க்கச் சொல்லித் தராதது அவர் தப்பில்லை.

மனிதர்களுக்கு வருவோம். என் ஆதங்கமே இங்கேதான். 1987-ல் இந்த வகுப்பு முறையான பட்டப் போட்டியானது. டேவ் ஷல்ட்ஸும் ஜான் மையர்ஸும் மோதிய அந்தப் பத்து வருஷங்கள் ஒரு காவியம். முன்னவருக்கு ஆறு பட்டம், பின்னவருக்கு மூன்று. 1998-ல் மையர்ஸ் மறைந்தார், 2001-ல் ஷல்ட்ஸ் மறைந்தார். நர்ஸாக வேலை பார்த்த ஆஞ்செல் சாம்பி 2000, 2001, 2002 என்று தொடர்ந்து மூன்று வருஷம் பட்டம் வென்றார். 2007-ல் பெகி லூவெல்லின் டெக்சாஸில் ஜெயித்து, என்.எச்.ஆர்.ஏ. தொழில்முறை வகுப்பில் வென்ற முதல் கறுப்பினப் பெண் ஆனார். லூசியானாவில் முதலைப் பண்ணை நடத்தும் ஜெரி சவாய் 2016-ல் சாம்பியன். ஆறு முறை சாம்பியனான மேட் ஸ்மித்தின் அணியில் அவருடைய மனைவி ஆஞ்சியும் ஓட்டுகிறார். சில நாள் இருவரும் பக்கத்துப் பக்கத்துப் பாதையில் எதிராளிகளாக நிற்கிறார்கள். ஒரு முதலைப் பண்ணைக்காரர் ஏழு வினாடியில் உலகத்தை ஜெயித்த கதையைச் சொல்ல ஐந்து நிமிடம் கிடைக்காதா? ஒருமுறை இறுதிச் சுற்றுக்காக விழித்திருந்து, பைக் இறுதியை வெறும் முடிவுப் பட்டியலாகக் காட்டி முடித்தபோது எனக்கு வந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

"ஒரே அணி ஜெயித்துக்கொண்டே இருந்தால் யார் பார்ப்பார்கள்" என்று மச்சான் அடுத்துக் கேட்கலாம். நியாயமான கேள்வி. வான்ஸ் அண்ட் ஹைன்ஸ் அணியின் கேஜ் ஹெரேரா 2023-லும் 2024-லும் பட்டம் வென்றார். இடையில் தொடர்ந்து 46 சுற்றுகள் தோற்கவே இல்லை. புரோ ஸ்டாக் கார்களில் பாப் கிளிடன் வைத்திருந்த 35 சுற்றுச் சாதனை பல பத்தாண்டுகள் நின்றது. அதை உடைத்தது ஒரு பைக். சலிப்பு என்றும் சொல்லலாம்தான். ஆனால் அந்த 46-ஐ யாராவது தினமும் எண்ணிச் சொல்லியிருந்தால், இன்றாவது தோற்பாரா என்று பார்க்கவே கூட்டம் வந்திருக்கும். எடை விதிகளை மாற்றி மற்ற எஞ்சின்களைச் சமன் செய்கிற வேலையை அமைப்பு பார்த்துக்கொள்ளட்டும், அது அவர்கள் பொறுப்பு.

சரி, போட்டிகளின் எண்ணிக்கை. ஒரு பருவத்தில் நைட்ரோ கார்களுக்கு ஏறக்குறைய 20 போட்டிகள், பைக்குகளுக்கு 15 அளவில். ஐந்தைச் சேர்த்தால் சமமாகிவிடும், அதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். கஷ்டம் சாலையில் இருக்கிறது. இந்த வகுப்பில் பெரிய ஸ்பான்சர் உள்ள அணிகள் விரல்விட்டு எண்ணும்படி சிலவே. மற்றவர்கள் ஒரு டிரெய்லர், ஒன்றிரண்டு பைக், உதவிக்கு வீட்டு ஆட்கள் என்று, வாரநாளில் வேறு பிழைப்பைப் பார்த்துக்கொண்டு வருகிறவர்கள். கண்டத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு வண்டி ஓட்டிப் போய், முதல் சுற்றில் தோற்றால், பரிசுப் பணம் டீசலுக்குக்கூடப் போதாது. களத்தில் 16 இடங்கள். 13 பேர்தான் வந்தார்கள் என்றால் தகுதிச் சுற்றில் முன்னால் வந்த மூவர் முதல் சுற்றில் எதிராளி இல்லாமல் தனியாக ஓடுவார்கள். ஒற்றை பைக் ஓடுவதைப் பார்க்க டிக்கெட் வாங்கியவர் அடுத்த முறை மச்சான் கட்சிக்குப் போய்விடுவார். இப்போது ஐந்து போட்டிகளைக் கூட்டினால் இதுதான் அதிகமாக நடக்கும் என்று பயப்படுகிறேன்.

புரோ ஸ்டாக் கார்களுக்கு என்ன நடந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? 2019-ல் அவர்களின் போட்டிகளை 24-லிருந்து 18 ஆகக் குறைத்தார்கள். ரசிகர்கள் கொதித்தார்கள், நானும்தான். செலவு குறைந்தால் களம் நிரம்பும் என்பது அதன் பின்னால் இருந்த கணக்கு. கோபம் தணிந்த பிறகு அந்தக் கணக்கு எனக்குப் புரிந்தது.

அதனால் வரிசை முக்கியம். முதலில் கவனம் வரட்டும். பைக்கின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் பெயர் திரையில் எவ்வளவு நேரம் தெரிகிறது என்பதைப் பார்த்துத்தான் ஸ்பான்சர் பணம் தருகிறார். பணம் வந்தால் டிரெய்லர் சாலையில் இறங்கும், 16 இடத்துக்கு 20 பேர் மோதுவார்கள். அந்த நிலையில் இன்னும் இரண்டு போட்டி கொடுங்கள் என்று கேட்டால் அமைப்பால் மறுக்க முடியாது. அப்போதும் ஐந்தையும் ஒரேயடியாகக் கேட்க மாட்டேன். ஏற்கனவே பைக்குகள் போகும் ஊருக்கு அருகில், அடுத்த வாரமே வரும் போட்டியாகப் பார்த்துக் கேட்பேன். பயணச் செலவு ஒன்றுதானே ஆகும்.

ரசிகர் எழுதினால் பலன் உண்டா என்றீர்கள். "பைக்குகளை மதியுங்கள்" என்று பொதுவாக எழுதினால் படித்துவிட்டு மூடி வைப்பார்கள். குறிப்பாகக் கேளுங்கள்: புறப்படும் இடத்தில் ஓட்டியின் இடது கையைக் காட்டும் ஒரு கேமரா. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு இருவரின் புறப்பாட்டு நேரமும் திரையில், இரண்டு வினாடி அதிகமாக. ஒவ்வொரு போட்டியிலும் சின்ன அணி ஒன்றைப் பற்றி மூன்று நிமிடம். இவை எதற்கும் பெரிய செலவில்லை. கடிதத்தின் ஒரு பிரதியை ஸ்பான்சர்களுக்கும் அனுப்புங்கள், அங்கே எடை அதிகம்.

என்றைக்காவது மச்சானோடு நேரில் போக வாய்த்தால், மார்ச்சில் ஃபுளோரிடாவின் கேயின்ஸ்வில்லில் நடக்கும் கேட்டர்நேஷனல்ஸுக்குப் போங்கள். பல வருஷம் கார்கள் பிப்ரவரியிலேயே ஆரம்பித்துவிட, பைக்குகளின் பருவம் அங்கேதான் தொடங்கும். என்.எச்.ஆர்.ஏ.வில் எந்த டிக்கெட் வாங்கினாலும், அணிகள் வண்டியைத் தயார் செய்யும் பிட்டுக்குள் நடந்து போகலாம். நைட்ரோ கூடாரங்களைச் சுற்றி மச்சான் ஆசை தீரப் பார்க்கட்டும். அப்புறம் கூட்டமில்லாத மூலைக்கு அழைத்துப் போங்கள். அங்கே யாராவது தன் கையாலேயே கிளட்சைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருப்பார், கேட்டால் நின்று பதில் சொல்வார். அடுத்த சுற்றில் அதே ஆள் விளக்குக்கு முன்னால் வந்து நிற்கும்போது மச்சான் எழுந்து போகிறாரா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.