லெஸ்டர்ல லேபர் ஏன் 22 சீட்டை விட்டுச்சு? – கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணா,

நான் இங்கிலாந்துல லெஸ்டர்ல இருக்கேன். மனைவி இங்க ஹாஸ்பிடல்ல நர்ஸ், அவங்க விசால டிபெண்டண்ட்டா வந்தவன் நான். ஊர்ல இருந்து மாமா ஒருத்தர் அடிக்கடி வீடியோ அனுப்புவார். 2023 மே மாசம் லெஸ்டர் சிட்டி கவுன்சில் எலெக்‌ஷன்ல லேபர் கட்சி 53 சீட்ல இருந்து 31க்கு இறங்கினதுக்கும், 2019ல ஒரு சீட் கூட வாங்காத கன்சர்வேடிவ் 17 வாங்கினதுக்கும் ஒரே காரணம் 2022ல இந்து, முஸ்லிம்களுக்கு நடுவுல இங்க நடந்த கலவரம்தான், இது இந்துக்களோட பதிலடின்னு கடைசியா வந்த வீடியோல சொல்றாங்க. வேலை இடத்துல ஒரு பாகிஸ்தானி நண்பர்கிட்ட கேட்டா அவர் வேற மாதிரி சொல்றார், கூட இருக்கிற இங்கிலீஷ்காரர் அதெல்லாம் இல்ல, மேயர் மேல இருந்த கோபம்னு சொல்றார். எதை நம்புறது? அப்புறம், விசால இருக்கிற நமக்கு இந்த எலெக்‌ஷன்ல ஏதாச்சும் சம்பந்தம் இருக்கா?

– ஆர்., லெஸ்டர்

அன்புள்ள ஆர்.,

கடைசி கேள்விக்கு முதல்ல ஒரே வரில சொல்லிடறேன், சம்பந்தம் இருக்கு, உங்க ரெண்டு பேருக்கும் ஓட்டே இருக்கு. விவரம் கீழ.

இப்ப ரிசல்ட்டுக்கு வருவோம். மாமா அனுப்பின வீடியோல பாதி உண்மை இருக்கு, அதை நான் மறைக்க மாட்டேன், ஆனா அந்தப் பாதியை மட்டும் வச்சுகிட்டு லெஸ்டரைப் புரிஞ்சுக்க முடியாது, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

2023 மே 4ஆம் தேதி இங்கிலாந்துல நிறைய ஊர்ல கவுன்சில் எலெக்‌ஷன் நடந்துச்சு. கன்சர்வேடிவ் கட்சிக்கு அது படுமோசமான நாள், நாடு பூரா சேர்த்து ஆயிரத்துக்கு மேல கவுன்சிலர் சீட்டை இழந்தாங்க, லேபர் 500க்கு மேல கூடுதலா வாங்கினாங்க. அதே நாள்ல லெஸ்டர்ல மட்டும் நேர்மாறா நடந்துச்சு. மொத்தம் 54 சீட், 21 வார்டு. 2019ல லேபர் 53, லிபரல் டெமாக்ரட் 1, அவ்வளவுதான், எதிர்க்கட்சின்னு சொல்ல ஒரே ஒரு ஆள். 2023ல லேபர் 31, கன்சர்வேடிவ் 17, கிரீன் 3, லிபரல் டெமாக்ரட் 3. கவுன்சில் இன்னமும் லேபர் கைலதான் இருக்கு, ஆனா நாடே ஒரு கட்சிகிட்ட இருந்து ஓடிட்டிருந்த நேரத்துல ஒரு ஊர் மட்டும் அந்தக் கட்சியைத் தேடிப் போச்சுன்னா அதுக்குக் காரணம் அந்த ஊருக்குள்ளதான் இருக்கணும்.

இந்த நம்பர்களைப் பார்க்கும்போது ஒண்ணு மனசுல வச்சுக்கணும். நம்ம ஊர்ல ஒரு வார்டுக்கு ஒரு கவுன்சிலர். இங்க ஒரு வார்டுக்கு ரெண்டு இல்ல மூணு பேர், மூணு சீட் வார்டுன்னா உங்க கைல மூணு ஓட்டு, ஒரே ஓட்டுச்சீட்டுல மூணு பேருக்கு எதிர்ல பெருக்கல் குறி போடலாம். பெரும்பாலானவங்க ஒரே கட்சிக்கு மூணையும் போட்டுடுவாங்க. அதனால ஒரு வார்டுல ஒரு கட்சி மத்தவங்களை விடக் கொஞ்சம் முன்னாடி இருந்தாலே மூணு சீட்டையும் அள்ளிடும். 2019ல 54ல 53 வந்ததும் இப்படித்தான், லெஸ்டர்ல இருக்கிற எல்லாருமே லேபர்னு அதுக்கு அர்த்தம் இல்ல. 2023ல அதே ஏற்பாடு திரும்பி அடிச்சுது, ஓட்டு கொஞ்சம் நகர்ந்த இடத்துல சீட்டு மொத்தமா கை மாறிடுச்சு. 22 சீட் போச்சுன்னா ஊர்ல பாதிப்பேர் மனசு மாறிட்டாங்கன்னு வீடியோல பேசுறவங்க நினைச்சுக்கறாங்க, அப்படி இல்ல.

2022 விஷயத்துக்கு வரேன். ஆகஸ்ட் 28 துபாய்ல நடந்த இந்தியா பாகிஸ்தான் ஆசிய கோப்பை மேட்ச், அதுக்கப்புறம் தெருவுல தகராறு, செப்டம்பர் 17ஆம் தேதி வாக்குல பெரிசா வெடிச்சுது. நடந்தது பாதின்னா போன்ல பரவின பொய் பாதி. இதுல ரெண்டு பக்கத்து மக்களுக்கும் கவுன்சில் மேல இருந்த நம்பிக்கை போச்சு, எங்களைக் கேக்க ஆளில்லைன்னு இந்துக் குடும்பங்களும் சொன்னாங்க, முஸ்லிம் குடும்பங்களும் சொன்னாங்க. ரெண்டு மாசம் கூட ஆகல, நவம்பர் 3ஆம் தேதி நார்த் எவிங்டன் வார்டுல இடைத்தேர்தல். அது லேபரோட சீட். ஜெயிச்சது கன்சர்வேடிவ் வேட்பாளர் சஞ்சய் மோத்வாடியா, ரெண்டாவது கிரீன், லேபர் மூணாவது. கன்சர்வேடிவ் பிரதமர் லிஸ் டிரஸ் ராஜினாமா பண்ணி ரெண்டு வாரம்தான் ஆகியிருந்த நேரம் அது, கன்சர்வேடிவ் பேரைச் சொன்னாலே நாட்டுல சிரிச்சாங்க, அப்ப வந்த ரிசல்ட் இது. அடுத்த மே மாசம் பெல்கிரேவ், ரஷ்ஷி மீட்னு குஜராத்தி இந்துக் குடும்பங்கள் நிறைய இருக்கிற வார்டுகளும் அந்தப் பக்கம் போச்சு. அதனால மதம் ஒரு காரணமே இல்லைன்னு யாராவது சொன்னா அதையும் நம்பாதீங்க.

ஆனா அந்த நவம்பருக்கும் மே மாசத்துக்கும் நடுவுல ஒண்ணு நடந்துச்சு, வீடியோக்காரங்க அதைத் தொடவே மாட்டாங்க. யாரை வேட்பாளரா நிறுத்தறதுன்னு முடிவு பண்ற வேலையை உள்ளூர் லேபர் கட்சிக்காரங்க கைல இருந்து வாங்கி லேபரோட தேசிய நிர்வாகக் குழு எடுத்துகிட்டாங்க. பதவில இருந்த கவுன்சிலர்கள்ல 19 பேருக்கு மறுபடி சீட் இல்லைன்னு சொல்லிட்டாங்க. 19 பேர், அதாவது மூணுல ஒருத்தருக்கும் மேல. அதுலயும் பெரும்பாலானவங்க ஆசிய, கறுப்பினப் பின்னணி உள்ளவங்க. பல வருஷமா அந்தத் தெருவுல நடந்தவங்க, யார் வீட்டுல யாருக்கு என்ன கஷ்டம்னு தெரிஞ்சவங்க, எல்லாரும் நல்லா வேலை செஞ்சாங்கன்னு நான் சொல்ல வரல, ஆனா அவங்க சரியில்லைன்னு சொல்ல வேண்டியது அந்த வார்டு மக்களும் அந்த வார்டு கட்சிக்காரங்களும்தானே.

பெல்கிரேவ் பக்கம் எனக்குத் தெரிஞ்ச ஒரு குஜராத்தி அம்மா இருக்காங்க. 1972ல அதிபர் இடி அமீன் ஆசியர்களைத் துரத்தினப்ப உகாண்டால இருந்து சின்னப் பொண்ணா வந்தவங்க. அந்த வருஷம் லெஸ்டர் கவுன்சில் 'உகாண்டா ஆர்கஸ்' பத்திரிகைல விளம்பரமே கொடுத்துச்சு, எங்க ஊருக்கு வராதீங்க, இங்க வீடும் இல்ல ஸ்கூல்ல இடமும் இல்லன்னு. அப்படியும் வந்தாங்க, மில்லுல வேலை செஞ்சாங்க, கடை வச்சாங்க, அப்பா காலத்துல இருந்து லேபருக்குத்தான் ஓட்டு. அந்த ஏப்ரல்ல அவங்க வீட்டுக்குப் போயிருந்தேன், டேபிள் மேல தேர்தல் நோட்டீஸ் ரெண்டு மூணு கிடந்துச்சு, லேபர் நோட்டீஸை எடுத்துக் கண்ணாடியைப் போட்டுகிட்டு மூணு போட்டோவையும் ஒண்ணொண்ணா பார்த்தாங்க, இவங்க யாருன்னே எனக்குத் தெரியலையேன்னு சொன்னாங்க. மதம், கலவரம் எதுவும் பேசல. வீட்டுக்காரர் இறந்தப்ப கவுன்சில் ஃபார்ம் எல்லாம் பூர்த்தி பண்ணிக் கொடுத்த ஆள் பேர் நோட்டீஸ்ல இல்ல, அதுதான் அவங்களுக்கு உறுத்துச்சு. யாருக்கு ஓட்டுப் போட்டாங்கன்னு நான் கேக்கல.

உங்க இங்கிலீஷ் நண்பர் சொன்ன மேயர் விஷயமும் சும்மா இல்ல. லெஸ்டர்ல மக்கள் நேரடியா தேர்ந்தெடுக்கிற மேயர் 2011ல வந்தார், அந்தப் பதவி வேணுமா வேண்டாமான்னு ஊர்மக்கள்கிட்ட ஓட்டுக்கு விடாம கவுன்சிலே முடிவு பண்ணிக் கொண்டுவந்தது அது. அன்னைல இருந்து இன்னை வரைக்கும் ஒரே ஆள், சர் பீட்டர் சோல்ஸ்பி, அதுக்கு முன்னாடி கவுன்சில் தலைவர், லெஸ்டர் சவுத் எம்.பி. எல்லாம் இருந்தவர். பழைய கட்டடங்களைச் சரி பண்ணது, ஊர் நடுவுல நடக்கிறவங்களுக்கு இடம் விட்டது, சைக்கிள் பாதைன்னு அவர் செஞ்சது நிறைய, அதை ஒத்துக்கணும். ஆனா அதிகாரம் ஒரே ரூம்ல சேர்ந்து போச்சுன்னு அவர் கட்சிக்காரங்களே சொல்ல ஆரம்பிச்சாங்க. 2023 மார்ச்ல மேயர் பதவியே வேண்டாம்னு கவுன்சில்ல ஒரு தீர்மானம் வந்தப்ப சில லேபர் கவுன்சிலர்களே அதுக்கு ஆதரவா ஓட்டுப் போட்டாங்க, கட்சி அவங்களை சஸ்பெண்ட் பண்ணுச்சு. அதுல ஒருத்தர் பாட்ரிக் கிட்டரிக், கிரீன் கட்சிக்குப் போய் காசில் வார்டுல ஜெயிச்சார். இன்னொருத்தர் ரீட்டா படேல், மேயர் எலெக்‌ஷன்லயே சுயேச்சையா நின்னாங்க. முதல் மூணு தடவையும் பாதிக்கு மேல ஓட்டு வாங்கி முதல் சுற்றுலயே ஜெயிச்ச சோல்ஸ்பி, 2023ல 40 சதவீதத்துக்குக் கீழதான் வாங்கினார். அந்த வருஷம்தான் மேயர் தேர்தல்ல ரெண்டாவது விருப்பம் குறிக்கிற முறையை எடுத்துட்டாங்க, யார் முன்னாடி இருக்காங்களோ அவங்க ஜெயிச்சாங்கன்னு மாத்திட்டாங்க, அதனால அந்த ஓட்டே போதுமானதா இருந்துச்சு. ரெண்டாவது வந்தது நார்த் எவிங்டன்ல ஜெயிச்ச அதே மோத்வாடியா.

கவனிச்சீங்களா, காசில் வார்டு ஊர் நடுவுல இருக்கிறது, ஸ்டூடண்ட்ஸ் நிறைய இருக்கிற இடம், அங்க இந்து பதிலடின்னு ஒண்ணும் கிடையாது, அங்கயும் லேபர் தோத்துச்சு. நார்த் எவிங்டன் இருக்கிற கிழக்குல ஒரு கோபம், நடுவுல வேற கோபம், ரெண்டுக்கும் பொதுவா இருந்தது என்னன்னா எங்களைக் கேக்காம மேல உக்காந்து முடிவு பண்றாங்கங்கிற எண்ணம். என் கருத்து இதுதான், கலவரம் ஒரு கதவைத் திறந்துச்சு, ஆனா அந்தக் கதவு வழியா இத்தனை சீட் வெளிய போனதுக்குக் காரணம் லேபர் தன்னோட சொந்த ஆளுங்களை நடத்தின விதம். 19 பேரை அப்படித் தூக்காம இருந்திருந்தா நார்த் எவிங்டன் போயிருக்கும், 22 போயிருக்காதுன்னு நான் உறுதியா நம்புறேன்.

2024 ஜூலை பொதுத்தேர்தல்ல கூட இதைப் பார்க்கலாம். நாடு பூரா லேபர் அலை, லெஸ்டர் ஈஸ்ட் தொகுதியை கன்சர்வேடிவ் ஷிவானி ராஜா பிடிச்சாங்க, அந்தத் தேர்தல்ல லேபர்கிட்ட இருந்து கன்சர்வேடிவ் எடுத்த ஒரே தொகுதி அது. அங்க முன்னாள் லேபர் எம்.பி.க்கள் கீத் வாஸும் கிளாடியா வெப்பும் லேபரை எதிர்த்து தனித்தனியா நின்னு வாங்கின ஓட்டைக் கூட்டினா ஷிவானி ஜெயிச்ச வித்தியாசத்தை விட அதிகம். பக்கத்துல லெஸ்டர் சவுத்ல மந்திரி ஆகப் போறார்னு எல்லாரும் நினைச்ச ஜொனாதன் ஆஷ்வொர்த் 979 ஓட்டுல சுயேச்சை ஷாக்கத் ஆடம்கிட்ட தோத்தார், அங்க காசா விஷயம் பெரிசா இருந்துச்சு. உங்க பாகிஸ்தானி நண்பர் என்ன சொன்னார்னு நீங்க எழுதல, அவர்கிட்ட இதைப் பத்தியும் கேளுங்க, அவர் தெருவுல என்ன பேசிக்கிட்டாங்கன்னு தெரிஞ்சுக்க எனக்கும் ஆசை. எனக்கு வருத்தமா இருக்கிறது ஒண்ணுதான், இப்படித் தெருவுக்குத் தெரு வேற வேற காரணம் இருக்கிற ஊரை, அந்தத் தெருவுல கால் வைக்காதவங்க ரெண்டு நிமிஷ வீடியோல மதச் சண்டையா மட்டும் மாத்தி, அதை இங்க குழந்தை குட்டியோட அக்கம்பக்கத்துல வாழ்றவங்க போனுக்கே அனுப்பி வைக்கிறாங்க.

இப்ப உங்க ஓட்டு விஷயம். காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் யாரா இருந்தாலும், இந்தியா, இலங்கை ரெண்டுமே அதுல சேர்த்தி, இங்க சட்டப்படி விசால தங்கியிருந்தா கவுன்சில் எலெக்‌ஷன்லயும் ஓட்டுப் போடலாம், பொதுத்தேர்தல்லயும் போடலாம். ஸ்டூடண்ட் விசா, வேலை விசா, டிபெண்டண்ட் எல்லாருக்கும் உண்டு. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வந்தாதான் ஓட்டுன்னு நம்மாளுங்க பாதிப்பேர் நினைச்சுட்டிருக்காங்க. லெஸ்டர்ல குப்பை எடுக்கிறது, ரோடு, வயசானவங்களைப் பார்த்துக்கிற சேவை, லைப்ரரி எல்லாம் ஒரே கவுன்சில்தான், வாசல்ல நீங்க வைக்கிற ஆரஞ்சு கலர் ரீசைக்கிள் பை சரியா போகலன்னா கேக்க வேண்டியது உங்க வார்டு கவுன்சிலரைத்தான், மாசா மாசம் கவுன்சில் டாக்ஸ் கட்டுறது நீங்கதானே.

பேர் பதிவு பண்ண நேஷனல் இன்ஷூரன்ஸ் நம்பர் போதும், ஆன்லைன்ல கொஞ்ச நேரத்துல முடிஞ்சிடும். எலெக்‌ஷனுக்கு 12 வேலை நாளுக்கு முன்னாடியே பண்ணியிருக்கணும், அதனால தள்ளிப் போடாதீங்க. இப்போதைய கணக்குப்படி அடுத்த லெஸ்டர் கவுன்சில் எலெக்‌ஷன் 2027 மே. 2023ல இருந்து ஓட்டுப் போட போட்டோ ஐடி கட்டாயம், உங்க இந்தியன் பாஸ்போர்ட்டே செல்லும். காலைல 7ல இருந்து ராத்திரி 10 வரைக்கும் பூத் திறந்திருக்கும், அதனால மனைவிக்கு லாங் டே ஷிஃப்ட்டா இருந்தாலும் முன்னாடியோ பின்னாடியோ போயிட்டு வரலாம், முடியாதுன்னா தபால் ஓட்டுக்கு இப்பவே எழுதிப் போடச் சொல்லுங்க. அவங்க வார்டுல இருக்கிற மத்த தமிழ், மலையாளி நர்ஸுங்ககிட்டயும் இதைச் சொன்னா ரொம்ப நல்லது.

அன்புடன்.