ஐடில் திறந்தாலே ஃபயர்வால் எச்சரிக்கிறதே, ஏன்?

கேள்வி: விண்டோஸ் லேப்டாப்பில் பைத்தான் போட்டிருக்கிறேன். அதோடு வரும், புரோகிராம் எழுதும் கருவியான ஐடிலைத் திறக்கும்போதெல்லாம் ஆன்டிவைரஸுடன் வந்த ஃபயர்வால், 'பைத்தான்டபிள்யூ 127.0.0.1-உடன் இணைய முயல்கிறது' என்கிறது. போர்ட் எண் தினமும் மாறுகிறது. பிளாக் செய்தால் ஐடில் ஓடுவதில்லை. வைரஸா?

பதில்: வைரஸ் என்று பயப்பட வேண்டாம். பைத்தான்டபிள்யூ (pythonw.exe) என்பது ஐடிலை ஓட்டும் பைத்தான்தான். ஐடில் ஓடுவதே அப்படித்தான். திரையில் தெரியும் ஜன்னல் ஒரு புராசஸ் (தனியாக ஓடும் புரோகிராம்), நீங்கள் எழுதும் புரோகிராமை ஓட்டுவது பின்னணியில் இன்னொரு புராசஸ். உங்கள் புரோகிராம் முடிவில்லாத லூப்பில் மாட்டினாலும் ஜன்னல் உறையாமல் இருக்க இந்த ஏற்பாடு. இரண்டும் பேசிக்கொள்ள ஒரு சாக்கெட், அதாவது இணைப்பு முனை, வேண்டும். காலியாக இருக்கும் போர்ட் (இணைப்புக்கான வாசல் எண்) ஒன்றைக் கொடு என்று ஐடில் விண்டோஸிடம் கேட்கிறது. அதனால்தான் எண் மாறுகிறது. 127.0.0.1 உங்கள் கணினியே. வைஃபையை அணைத்துவிட்டு ஐடிலைத் திறந்து பாருங்கள்: ஐடில் ஓடும், எச்சரிக்கையும் வரும்.

பிறகு ஏன் எச்சரிக்கை? இணைய அனுமதி இல்லாத ஒரு புரோகிராம், அனுமதி உள்ள உள்ளூர் ப்ராக்ஸி (அதே கணினியில் ஓடும் இடைத்தரகு புரோகிராம்) வழியாகத் தகவலை வெளியே கடத்த முடியும். அதனால் சில ஃபயர்வால்கள் லூப்பேக்கையும், அதாவது கணினி தன்னுடனேயே பேசும் 127.0.0.1 இணைப்பையும், கண்காணிக்கின்றன. நியாயமான எச்சரிக்கைதான்.

முதலில் டாஸ்க் மேனேஜரில் டீடெய்ல்ஸ் பக்கம் போய், பைத்தான்டபிள்யூ மீது ரைட் கிளிக் செய்து, 'ஓப்பன் ஃபைல் லொகேஷன்' கொடுங்கள். பைத்தானை நிறுவிய ஃபோல்டர்தானா என்று பாருங்கள். வேறு இடம் என்றால் அனுமதிக்காதீர்கள். சரியான இடம்தான் என்றால் ஃபயர்வாலில் புதிய ரூல் (அனுமதி விதி) ஒன்று போடுங்கள்: புரோட்டோகால் டிசிபி, ரிமோட் முகவரி 127.0.0.1, போர்ட் எதுவானாலும் சரி. போர்ட் எண்ணைக் குறிப்பிட்டால் நாளைக்கே ரூல் பலிக்காது. 'இந்த புரோகிராமுக்கு எல்லாம் அனுமதி' என்பதை மட்டும் தயவுசெய்து அழுத்தாதீர்கள். பைத்தான்டபிள்யூ என்பது ஐடில் மட்டுமல்ல. அதில் ஓடும் எந்த ஸ்கிரிப்டுக்கும் இணையக் கதவு திறந்துவிடும். 3.12-லிருந்து 3.13-க்கு மாறினால் ஃபோல்டரும் மாறும், எச்சரிக்கை மறுபடி வரும். அப்போது ரூலில் பாதையைத் திருத்துங்கள்.

கேள்வி: ரூல் போட்டும், 'சப்-புராசஸ் (பின்னணிப் புராசஸ்) இணையவில்லை' என்று ஐடில் நின்றுவிடுகிறது.

பதில்: உங்கள் ஃபோல்டரில் ரேண்டம், டிகேஇன்டர் போன்ற பெயரில் பைத்தான் ஃபைல் சேமித்திருக்கிறீர்களா? பைத்தானின் சொந்த மாட்யூலுக்குப் பதிலாக அதை இறக்குமதி செய்து பின்னணிப் புராசஸ் விழுந்துவிடும். பெயரை மாற்றினால் போதும். ஃபயர்வாலை அணைக்கத் தேவையில்லை.

கேள்வி: வேறொரு பின்னணி புரோகிராமுக்கும் இதே மாதிரி அனுமதி கேட்கிறது. உள்ளூர் இணைப்புதான் என்று எப்படி உறுதி செய்வது?

பதில்: விண்டோஸின் ரிசோர்ஸ் மானிட்டரில் நெட்வொர்க், அதில் லிசனிங் போர்ட்ஸ் பகுதியைப் பாருங்கள். முகவரி இடத்தில் 'லூப்பேக்' என்றிருந்தால் அந்தப் போர்ட் உங்கள் கணினிக்குள் மட்டும். 'அன்ஸ்பெசிஃபைட்' என்றால் அது 0.0.0.0, வைஃபையில் இருக்கும் மற்றவர்களும் தட்டக்கூடிய கதவு. அந்த புரோகிராமின் அமைப்பில் முகவரியை 127.0.0.1 ஆக்கிய பிறகே அனுமதியுங்கள்.