ஆயிரம் ஜான்ஸ்களுக்குள் ஒருவர்

கேள்வி: என் அம்மம்மாவின் வீட்டார் ஜான்ஸ் என்ற பெயருள்ள பறங்கியர். யாழ்ப்பாணக் கோட்டையில் சிப்பாயாக இருந்த ஓர் ஒல்லாந்தரின் வழி என்று சொல்வார். அவருடைய ஊர், பெற்றோர் பற்றி அறிய வழி உண்டா? இணையத்தில் தேடினால் ஆயிரம் ஜான்ஸ் வருகிறார்கள்.
– வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: வரத்தான் செய்வார்கள். ஜான்ஸ் (Jansz) என்றால் யான் (Jan) என்பவரின் மகன், அவ்வளவுதான். நம்மைப் போலவே அந்நாளில் அங்கேயும் பலர் தகப்பன் பெயரைத்தான் சேர்த்துக்கொண்டார்கள். அவர் இந்தப் பெயரோடுதான் கப்பலேறினார் என்றால், அப்பா பெயர் யான் என்பது இப்போதே தெரிந்துவிட்டது!

ஆகவே ஒல்லாந்தில் தொடங்காதீர்கள். அம்மம்மாவின் பிறப்புப் பதிவில் தொடங்கி, ஆங்கிலேயர் இலங்கைக் கரையோரத்தைக் கைப்பற்றி முடித்த 1796க்கு அப்பால் வரை ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னே போங்கள். கொழும்பு வொல்வெண்டால் தேவாலயத்தின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள் உதவும். 1908இல் தொடங்கிய ஒல்லாந்தப் பறங்கியர் சங்கத்தின் சஞ்சிகையில் பல குடும்பங்களின் வம்சாவளி அச்சாகியிருக்கிறது. அதை முதலில் புரட்டுங்கள், பாதி வேலை மிச்சமாகலாம்.

முழுப் பெயர் கிடைத்தால், அப்புறம் ஒல்லாந்தின் ஹேக் நகரிலுள்ள தேசிய ஆவணக் காப்பகம். பயணம் வேண்டாம், ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் சம்பளப் பேரேடுகளை அவர்களுடைய இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். ஆளின் பெயர், சொந்த ஊர், ஏறிய கப்பல், வேலை, கடைசியில் இறந்தாரா திரும்பினாரா என்பதெல்லாம் இருக்கும்.

அந்தக் கணக்குப் பக்கத்தை ஆறுதலாகப் பாருங்கள். சாதாரண சிப்பாய்க்கு மாதம் 9 கில்டர். ஆனால் பலரின் கணக்கு 150 கில்டர் கடனோடுதான் தொடங்கும். கப்பல் புறப்படும்வரை சோறும் படுக்கையும் கொடுத்த விடுதிக்காரர் எழுதி வாங்கிய கடன்சீட்டு அது. ஒன்றரை வருடச் சம்பளத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. அந்த விடுதிக்காரர்களுக்கு ஊரார் வைத்த பெயர் ‘ஆன்மா விற்பவர்’.

உங்களுக்கு வேண்டியது அதே பக்கத்தில் இன்னொரு வரி. வருடத்துக்கு மூன்று மாதச் சம்பளம் வரை மனைவிக்கோ பெற்றோருக்கோ போய்ச்சேர எழுதிவைக்கலாம். அதை ‘மாதக் கடிதம்’ என்பார்கள். அப்படி அவர் அம்மாவுக்கு எழுதிவைத்திருந்தால், அம்மாவின் பெயர் கையில் கிடைத்துவிடும். ஒல்லாந்தப் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் ஆவணங்களில் பிறந்த வீட்டுப் பெயரிலேயே இருப்பார்கள் என்பதால், அங்கிருந்து ஊர்த் தேவாலயப் பதிவேட்டுக்குப் போவது சுலபம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். கம்பெனிச் சிப்பாய்களில் ஜெர்மானியர் ஏராளம். ‘சொந்த ஊர்’ என்ற இடத்தில் பிரேமன், ஹம்பர்க் என்று இருந்தால் திடுக்கிடாதீர்கள். ஒல்லாந்தை மூடிவைத்துவிட்டு அந்த ஊருக்கு எழுத வேண்டியதுதான்.