கண்ணில் ரத்தத் திட்டு, கூடவே தலைவலி – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள டாக்டர்,

எனக்கு வயது 46. மூன்று நாட்களுக்கு முன் மாலையில், துணி ஊறவைத்த வாளியைத் தூக்கும்போது பிடரியில் ஓங்கி அடித்தாற்போல் தலைவலி வந்தது. இரண்டு முறை வாந்தி எடுத்தேன். பாராசிட்டமால் போட்டுக்கொண்டு படுத்துவிட்டேன். மறுநாள் காலை கண்ணாடியில் பார்த்தால் இடது கண்ணின் வெள்ளையில், காதுப் பக்கமாக, ரத்தச் சிவப்பில் ஒரு திட்டு. கண்ணில் வலி இல்லை, பார்வையும் நன்றாகவே இருக்கிறது. தலைவலி பாதிக்கு மேல் குறைந்துவிட்டது, ஆனால் கழுத்து பிடித்துக்கொண்டாற்போல் இருக்கிறது. வீட்டு மெஷினில் பிரஷர் 158/96. கண்ணில் வெடித்த ரத்தக்குழாய் மூளையிலும் வெடித்திருக்குமோ என்று தூக்கமே வரவில்லை. கண்ணுக்கு எந்தச் சொட்டு மருந்து விடலாம்? தலைவலிக்கு ஆஸ்பிரின் போடலாமா?

– ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததுமே தனியாக ஒரு பதில் அனுப்பிவிட்டேன்: இன்றே சி.டி. ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள், வண்டியை நீங்கள் ஓட்ட வேண்டாம், ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம். காரணங்களை இங்கே விரிவாக எழுதுகிறேன். கண்ணைப் பார்த்துப் பதறி, தலைவலியைக் கோட்டை விடுபவர்கள் பலர்.

முதலில் கண். வெள்ளை விழிக்கு மேல் வெங்காயச் சருகுபோல ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. அதில் ஓடும் மயிரிழை ரத்தக்குழாய் ஒன்று அறுந்தால், ரத்தம் படலத்துக்கும் வெள்ளைக்கும் நடுவே பரவி நிற்கும். ஒரு சொட்டு கசிந்தாலும் பாதிக் கண் சிவந்துவிடும், அவ்வளவு குறுகிய இடம் அது. உடம்பில் வேறெங்கு அடிபட்டாலும் தோலுக்கடியில் கருநீலமாகத் தெரியும் ரத்தம், இங்கே மட்டும் பளிச்சென்ற சிவப்பாகவே இருக்கும். படலம் வழியாகக் காற்றிலுள்ள ஆக்சிஜன் உள்ளே போய்க்கொண்டே இருப்பதுதான் காரணம். பார்ப்பவர்களைப் பயமுறுத்துவது அந்த நிறம்தான்.

ஜன்னல் வெளிச்சத்தில் நின்று, கீழ் இமையை லேசாக இழுத்துப் பாருங்கள். சிவப்புக்கு ஓரம் வெட்டினாற்போல் தெளிவாக இருக்கிறதா, கருவிழியின் விளிம்போடு நின்றுவிட்டதா, மற்ற இடமெல்லாம் வெள்ளையாகவே இருக்கிறதா? வலி, கூச்சம், பூளை எதுவும் இல்லையா? பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடி, சின்ன எழுத்தைப் படித்துப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் அது வெறும் ரத்தத் திட்டு. முதல் ஓரிரு நாள் பெரிதாவதுபோல் தெரியும். ரத்தம் தாழ்வான பக்கம் பரவுகிறது, புதிதாக வெடிக்கவில்லை. பிறகு ஓரம் பச்சை, மஞ்சளாக மாறி, இரண்டு மூன்று வாரத்தில் மறைந்துவிடும்.

மருந்து தேவையில்லை. உறுத்தினால் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு நாளுக்கு மூன்று நான்கு முறை விடலாம். சிவப்பை உடனே போக்கும் என்று விற்கும் சொட்டுகள் ரத்தக்குழாயைச் சுருக்குபவை. குழாயை விட்டு வெளியே வந்துவிட்ட ரத்தத்தை அவை ஒன்றும் செய்யாது. ஸ்டீராய்டு சொட்டைக் கடையில் கேட்டு வாங்கி விடவே கூடாது. கண்ணைக் கசக்காதீர்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் திட்டு மறையும்வரை போடாமல் இருப்பது நல்லது.

உங்கள் பயத்துக்கு நேரடி பதில்: இந்தத் திட்டு மூளையைக் காட்டும் கண்ணாடி அல்ல. மூளையில் ரத்தக்கசிவு உள்ள சிலருக்குக் கண்ணுக்கு உள்ளேயும் ரத்தம் கசிவதுண்டு, ஆனால் அது விழித்திரைப் பக்கம் நடப்பது. வெளியே தெரியாது, பார்வைதான் மங்கும். வெள்ளையில் தெரியும் திட்டு பெரும்பாலும் இருமல், தும்மல், முக்கல், வாந்தி இவற்றின் அழுத்தத்தில் வருவது. நீங்கள் இரண்டு முறை வாந்தி எடுத்திருக்கிறீர்கள், அதுவே போதும். தலைவலி வாந்தியைக் கொண்டுவந்தது, வாந்தி கண்ணைச் சிவக்க வைத்தது. ஆக, கண்ணுக்குக் காரணம் கிடைத்துவிட்டது, தலைவலிக்குக் கிடைக்கவில்லை.

தலைவலியில் நான் முதலில் கேட்பது அதன் வேகத்தைத்தான். சாதாரண ஒற்றைத் தலைவலி மெல்ல ஏறி உச்சத்துக்கு வரும். ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொடும் வலி வேறு இனம். மூளையைச் சுற்றியுள்ள ரத்தக்குழாயில் பலூன்போல் புடைத்த இடத்தை அனூரிசம் என்கிறோம். அது கசிந்தால் இப்படித்தான் வலிக்கும், பாரம் தூக்கும்போதும் வரலாம். கசிந்த ரத்தம் மூளை உறையை உறுத்துவதால் சில மணி நேரத்தில் கழுத்து விறைக்கும். முதல் கசிவு சிறியதாக இருந்து தானே நின்றுவிட்டால், வலி குறையும், ஆள் வேலைக்குக்கூடப் போய்விடுவார். அடுத்த கசிவு அப்படி விட்டுவிடாது. பாராசிட்டமாலுக்கு வலி அடங்கிவிட்டது என்பதை வைத்து ஆபத்தில்லை என்று முடிவு செய்யவே முடியாது. உங்களுக்கு இருப்பது அதுதான் என்று நான் சொல்லவில்லை. ரத்தக்குழாய் தற்காலிகமாகச் சுருங்குவது, கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிவது, பாரம் தூக்கியதால் மட்டும் வரும் தலைவலி என வேறு காரணங்களும் உண்டு. வெளியிலிருந்து பார்த்து இவற்றைப் பிரிக்க முடியாது.

தாமதத்துக்கு ஒரு விலை உண்டு. வலி தொடங்கி ஆறு மணி நேரத்துக்குள் எடுத்த சி.டி. ஸ்கேன் அநேகமாக எந்தக் கசிவையும் தவறவிடாது. நாள் ஆக ஆக ரத்தம் கரைந்து ஸ்கேன் இயல்பாகத் தெரியலாம். அப்போது முதுகுத் தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்ப்பார்கள், அல்லது மருந்து செலுத்தி மூளை ரத்தக்குழாய்களைத் தனியாக ஸ்கேன் செய்வார்கள். கண்ணின் திட்டு சில நாளில் மஞ்சளாகிறதே, அதே சிதைவுதான் முதுகுத் தண்டு நீரிலும் நடந்து அதை மஞ்சளாக்குகிறது. அந்த மஞ்சள் ஏறக்குறைய இரண்டு வாரம் இருக்கும். மூன்றாம் நாளில் இருக்கும் உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. ஊசி என்றதும் மறுத்துவிட்டு வராதீர்கள்.

அங்கே "தலைவலி" என்று மட்டும் சொன்னால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். இப்படிச் சொல்லுங்கள்: "இத்தனை மணிக்கு, பாரம் தூக்கும்போது, சில நொடிகளில் உச்சத்துக்குப் போன வலி. இதுவரை இப்படி வந்ததில்லை. வாந்தி எடுத்தேன், கழுத்து விறைக்கிறது." சாப்பிடும் மாத்திரைகளின் பெயரைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். போவதற்குள் மயக்கம், வலிப்பு, கை கால் பலவீனம், வாய் கோணல், பேச்சுக் குழறல், ஒரு இமை மட்டும் தொங்குவது, இரட்டையாகத் தெரிவது எது வந்தாலும் உடனே ஆம்புலன்ஸ்.

ஆஸ்பிரின் ரத்தம் உறைவதைத் தடுப்பது, கசிவு இல்லை என்று உறுதியாகும்வரை அதைத் தொடக் கூடாது. இபுபுரோஃபன் வகையும் வேண்டாம். வலி தாங்கவில்லையென்றால் பாராசிட்டமால் 500 முதல் 1000 மில்லிகிராம், நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளியில், நாள் ஒன்றுக்கு 4 கிராமைத் தாண்டாமல். ஈரல் கோளாறு உள்ளவர்களுக்கும் எடை மிகக் குறைந்தவர்களுக்கும் அளவு இதைவிடக் குறைவு. இதய நோய்க்காக டாக்டர் எழுதிக்கொடுத்து ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள், கண்ணில் வெறும் திட்டு வந்ததற்காகத் தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது.

பிரஷர் 158/96 என்பது வலியும் பயமும் சேர்ந்து ஏற்றிய எண்ணாக இருக்கலாம். அதைக் குறைக்க வீட்டில் இருக்கும் யாருடைய மாத்திரையையும் போடாதீர்கள். அழுத்தம் சடாரென்று இறங்கினால் மூளைக்குப் போகும் ரத்தமே குறைந்துபோகும். எல்லாம் தெளிந்த பிறகு ஒரு வாரம் காலையும் மாலையும் அளந்து குறித்து வையுங்கள்: ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, முதுகு சாய்ந்து, பாதம் தரையில், பட்டை கட்டிய கை நெஞ்சு மட்டத்தில், பேசாமல், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. கை தொங்கினால் எண் கூடும். சராசரி 135/85ஐத் தாண்டினால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

கண் சிவப்பும் தலைவலியும் சேர்ந்து வரும் இன்னொரு அவசரம், கண் அழுத்தம் திடீரென்று ஏறுவது. இயல்பாக 10 முதல் 21 மி.மீ. பாதரச அளவு வரை இருக்கும் கண் அழுத்தம் 40ஐத் தாண்டிவிடும். அதில் சிவப்பு திட்டாக இராது, கருவிழியைச் சுற்றி வளையமாக இருக்கும். கண்ணுக்குள் குடையும் வலி, புகைமூட்டமான பார்வை, விளக்கைச் சுற்றி வானவில் வளையம், குமட்டல், சற்று விரிந்து வெளிச்சத்துக்குச் சுருங்காத கண்மணி. இது உங்களுக்கு இல்லை. இருப்பவர்கள் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும், ஒரு இரவு தள்ளினாலும் பார்வை போய்விடலாம்.

உங்கள் கண் திட்டு மூன்று வாரத்துக்கு மேல் நின்றாலோ, அடுத்தடுத்து வந்தாலோ, ஈறு, மூக்கு எங்காவது ரத்தம் கசிந்தாலோ ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் எண்ணிக்கையையும் ரத்தம் உறையும் நேரத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அதை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். இப்போது கிளம்புங்கள்.