கயிற்றில் ஒட்டிச் செத்த ஈக்கள்: கருவாட்டை விற்கலாமா?

கேள்வி: மண்டபம் பக்கம் கடற்கரையில் நெத்திலி, சாளை காயவைத்து விற்கிறேன். மார்கழி மழை விட்டதிலிருந்து, காலையில் வந்து பார்த்தால் பந்தல் கயிற்றிலும் ஓலை நுனியிலும் ஈக்கள் இறக்கையைத் தூக்கியபடி செத்து ஒட்டிக்கிடக்கின்றன. சுற்றிலும் வெள்ளைப் பொடி. யாரோ மருந்து அடித்துவிட்டார்கள், விற்காதே என்கிறார் மாமியார். என்ன செய்வது?

பதில்: மருந்து இல்லை. மருந்து பட்ட ஈ பெரும்பாலும் தரையில் மல்லாந்து துடித்துச் சாகும். உயரம் தேடி ஏறிப்போய்ச் சாகாது. நீங்கள் சொல்வது எண்டமோப்தோரா மஸ்கே என்ற பூஞ்சையின் வேலை. ஒரு ஈயைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். வயிறு உப்பி, வரி வரியாக வெள்ளை தெரியும். வாய்க்குழல் நீண்டு கயிற்றோடு ஒட்டியிருக்கும்.

பூஞ்சையின் வித்து ஈயின் மேல் ஒட்டி, தோலைத் துளைத்து உள்ளே போகிறது. நாலைந்து நாளைக்கு ஈ வழக்கம்போலத்தான் திரியும். கடைசி நாள் பொழுது சாயும் நேரத்தில் கண்ட உயரத்தில் ஏறும். வாயை நீட்டி ஒட்டிக்கொள்ளும், இறக்கையைத் தூக்கும், அத்தோடு சரி. இறக்கை தூக்கியதால் வயிறு மறைப்பில்லாமல் திறந்து கிடக்கிறது. இரவின் ஈரக்காற்றில் வயிற்றைப் பிளந்துகொண்டு வரும் பூஞ்சை வித்துகளைப் பீய்ச்சி அடிக்கிறது. நீங்கள் பார்த்த வெள்ளைப் பொடி அதுதான். உயரத்திலிருந்து விழுந்தால் கீழே திரியும் ஈக்கள் மேல் படும் அல்லவா?

ஈயை ஏறவைப்பது எது? பழ ஈக்களை வைத்துச் செய்து 2023-ல் வெளியான ஆய்வொன்றில், நோயுற்ற ஈயின் இரத்தத்தை நல்ல ஈக்குள் ஏற்றியபோது அதுவும் பரபரத்து ஓடத் தொடங்கியது. இரத்தத்தில் கலக்கும் ஏதோ ஒரு பொருள்தான் ஈயை ஆட்டுவிக்கிறது என்று தெரிகிறது. எறும்பைப் பிடிக்கும் ஓபியோகார்டிசெப்ஸ் பூஞ்சை வேறு வழியில் போகிறது: மூளைக்குள் நுழையாமல் தசைகளைச் சுற்றி வலை பின்னிக்கொள்கிறது. பேய் பிடித்தது என்று நம் ஊரில் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான உயிர்களை நான் பார்த்ததில்லை!

ஈயும் சும்மா இருப்பதில்லை. நோய் தொற்றிய தொடக்கத்தில் சூடான இடத்தைத் தேடிப்போய் உட்காரும்; உடம்பு சூடானால் பூஞ்சை அடங்கிவிடும். இந்தப் பூஞ்சைக்குக் குளிர்ச்சியும் ஈரமும் வேண்டும். பங்குனி வெயில் ஏறினால் உங்கள் பந்தலில் இந்தக் காட்சி தானாகவே குறையும்.

இனி கருவாடு. இந்தப் பூஞ்சை ஈக்களை நம்பிப் பிழைப்பது, மனிதருக்குத் தொற்றாது. விற்கலாம். ஆனால் ஈ ஒட்டியிருந்த மீன்களை, பொடி படிந்த மீன்களை ஒதுக்கிவிடுங்கள். பூஞ்சைக்காக அல்ல, ஈ என்றாலே அழுக்கைச் சுமந்து வருவது. கயிற்றையும் ஓலையையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் புது மீன் போடுங்கள்.

பூஞ்சையே ஈயை ஒழித்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள். சாவதற்குள் பல ஈக்கள் முட்டையிட்டுவிடும். தவிர, இது அதிகம் பிடிப்பது வீட்டு ஈயைத்தான். கருவாட்டில் புழு வைக்கும் பச்சை, நீல ஈக்கள்தான் உங்களுக்குப் பெரிய தொல்லை. அவை ஈர மீனைத்தான் தேடி வரும். ஆகவே முதல் நாள்தான் முக்கியம்: உப்பைக் குறைக்காதீர்கள், மணலில் பரப்பாமல் பரணில் போடுங்கள், சின்னக்கண் வலையால் மூடுங்கள். குடல், செதில் கழிவைப் பக்கத்தில் கொட்டாமல் ஆழமாகப் புதையுங்கள்.

உரக்கடையில் விற்கும் பிவேரியா, மெட்டாரைசியம் பொடிகளும் பூச்சியைக் கொல்லும் பூஞ்சைகள்தான். மெட்டாரைசியத்தை எருக்குழியில் கலந்தால் தென்னையின் காண்டாமிருக வண்டுப் புழு சாகும். அதற்காக அவற்றைக் கருவாட்டுக் களத்தில் தூவ வேண்டாம். பூச்சிமருந்து அடிக்கவே கூடாது. மாமியார் பயந்ததில் தப்பில்லை. அடுத்த முறை அவரிடமே பூதக்கண்ணாடியைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.